யானை வெடியும் ஷெல்லும்: புதிய மூளைக்கலங்கள் பதகளிப்புக்கு என்ன செய்கின்றன?

பெரும்போகக் கதிர் முற்றும் நாட்களில் நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்து வயலோரக் கிராமங்களில் இரவு பதினொரு மணிக்கு மேல் வெடிச்சத்தம் கேட்பது வழமை. காவல் கொட்டிலில் இருப்பவர் யானையை விரட்டக் கொளுத்திப் போட்ட வெடி. ஒரு வீட்டில் பிள்ளை புரண்டு படுத்து மறுபடி உறங்கிவிடுகிறது. அடுத்த வீட்டில் ஐம்பது வயது அம்மா ஒருவர் துடித்தெழும்பிப் பாயில் குந்திவிடுகிறார். நெஞ்சு இடிக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, விடியும்வரை கண் மூடுவதில்லை. அது யானை வெடி என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் உடம்பு கேட்கவில்லை.

'மனத்தைரியம் காணாது' என்று சொல்லி இதை ஊரில் முடித்துவிடுவார்கள். தைரியத்துக்கும் இதற்கும் அவ்வளவாகச் சம்பந்தமில்லை. மூளையில் ஒரு சின்ன இடம் இரண்டு வேலைகளைச் செய்யவேண்டும். ஒன்றுபோலத் தெரியும் இரண்டைப் பிரித்தறிவது முதல் வேலை. அடித்த அபாய மணியை நேரத்துக்கு நிறுத்துவது இரண்டாவது. இந்த இரண்டும் தளர்ந்த மூளையில் யானை வெடி போர்க்காலத்து ஷெல்லாகவே விழுகிறது. பிறந்து வளர்ந்த பிறகும் புதிய நரம்புக்கலங்கள் உண்டாகும் மிகச் சில இடங்களில் ஒன்றும் அதே இடம்தான். இந்த இரண்டு செய்திக்கும் உள்ள தொடர்பை விளக்குவதே இந்தக் கட்டுரை.

பெயரிலிருந்து தொடங்குவோம்

எதிரே பாம்பு படமெடுத்து நிற்கும்போது வருவது பயம். பாம்பு இருக்குமோ என்று அந்தப் பக்கமே போகாமல் விடுவதும், போகாத நேரத்திலும் அதையே நினைத்துக்கொண்டிருப்பதும் பதகளிப்பு. கிளினிக்கில் 'எனக்குப் பதகளிப்பு' என்று சொல்லிக்கொண்டு வருபவர் மிகக் குறைவு. 'கனக்க யோசினை', 'நெஞ்சு படபடவெண்டு அடிக்குது', 'தொண்டைக்குள்ள அடைக்குது', 'கைகால் விறைக்குது' என்பார்கள். ஆகவே பலர் முதலில் இருதயத்துக்குத்தான் மருந்தெடுக்கப் போகிறார்கள். ஈசிஜி எடுத்து 'ஒன்றுமில்லை' என்று அனுப்பப்படுகிறார்கள். இருதயத்தில் ஒன்றுமில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

போர் முடிந்த கையோடு, 2009 யூலையிலிருந்து செப்ரெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் வீடுகளிலும் இடம்பெயர்ந்தோர் இருந்த இடங்களிலும் ஓர் ஆய்வு நடந்தது. அதில் 32.6 சதவீதமானோருக்குப் பதகளிப்பு அறிகுறிகள் இருந்தன. கொடிய அனுபவத்துக்குப் பின் வரும் மனவடு நோயின் (PTSD) அறிகுறிகள் 7 சதவீதமானோருக்கு. போர் நடந்த இடமென்றால் எல்லாவற்றையும் மனவடு என்றே வெளியார் பேசுவார்கள். அந்த எண்களில் பதகளிப்பு அதைவிட நான்கு மடங்குக்கு மேல்.

எங்கே பிறக்கின்றன?

காதுக்கு நேரே உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக, 4 அல்லது 5 சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு வளைந்த பகுதி இருக்கிறது. வளைவு கடற்குதிரையைப் போல இருப்பதால் ஹிப்போகாம்பஸ் என்று பெயர் வைத்தார்கள். நினைவைப் பதிவது இதன் வேலை என்று பள்ளியில் படித்திருப்போம். அதற்குள் நுழையும் வாசலில் டென்டேட் ஜைரஸ் என்ற மெல்லிய மடிப்பு உண்டு. வெளியுலகிலிருந்து வரும் செய்தி முதலில் இந்த மடிப்பைத் தொட்டுத்தான் உள்ளே போகும். மடிப்பின் உள்விளிம்பில் பிரியக்கூடிய தாய்க்கலங்கள் சில தங்கியிருக்கின்றன. புதிய நரம்புக்கலங்கள் இவற்றிலிருந்தே வருகின்றன.

பிறந்தது எல்லாம் நிலைப்பதில்லை. மிளகாய் நாற்றுமேடையில் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எலிகளில், புதிதாகப் பிறந்த கலங்களில் பெரும்பகுதி முதல் சில கிழமைகளுக்குள் இறந்துவிடுகின்றன. அந்த நாட்களில் எலி ஏதாவது புதிதாகக் கற்றுக்கொண்டால், கற்பதற்குக் கொஞ்சம் முயற்சியும் தேவைப்பட்டால், கூடுதலான கலங்கள் தப்புகின்றன. தப்பிய கலம் வேர்விடுவதுபோல ஒரு நாரை உள்நோக்கி நீட்டி அடுத்த பகுதியோடு இணைகிறது. மறுபக்கம் கிளைவிட்டுச் செய்தியை வாங்கத் தொடங்குகிறது. இதற்கு எலியில் நான்கிலிருந்து ஆறு கிழமை பிடிக்கும். குரங்கினத்தில் பல மாதம். இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், மருந்தைப் பற்றிப் பேசும்போது திரும்ப வருவோம்.

நான்கு கிழமை வயதுக் கலம் ஓர் இளந்தாரியைப் போன்றது. சின்னத் தூண்டலுக்கும் எழும்பும், புது இணைப்பை இலேசாக ஏற்படுத்திக்கொள்ளும். பக்கத்திலிருக்கும் மூத்த கலங்களோ பெரும்பாலும் அமைதியாகவே கிடக்கும். மனிதரின் ஒரு பக்க மடிப்பில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி கலங்கள். எந்த நேரத்திலும் அவற்றில் மிகச் சிறு பங்குதான் வேலை செய்கிறது. இந்த அமைதியைச் சோம்பல் என்று நினைக்கவேண்டாம். பிரித்தறியும் வித்தையே அதில்தான் இருக்கிறது.

ஒரே ஊரில் மூன்று யோகராசா

ஊரில் மூன்று யோகராசா இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தில் பெயரும் ஊரும் மட்டும் எழுதியிருக்கிறது. பழக்கமான தபால்காரர் முத்திரையைப் பார்ப்பார், கையெழுத்தைப் பார்ப்பார், 'இது கனடாவிலிருந்து வந்தது, குளத்தடி யோகராசாவுக்கு' என்று சரியாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். புதிதாக வந்து அவசரப்படுபவர் முதலில் எந்த யோகராசா வீடு தெரியுமோ அங்கே போட்டுவிட்டுப் போவார்.

டென்டேட் ஜைரஸ் அந்தப் பழக்கமான தபால்காரர். யானை வெடிச் சத்தம் வருகிறது. ஷெல் விழுந்த சத்தத்தோடு அதற்கு ஒற்றுமை நிறைய: இருட்டு, திடீர், அதிர்வு. வித்தியாசமும் உண்டு: கூவிக்கொண்டு வரும் ஒலி முன்னே இல்லை, ஒன்றோடு நின்றுவிடுகிறது, பின்னாலேயே ஆட்கள் கூக்காட்டுகிறார்கள். மடிப்பு நன்றாக வேலை செய்தால், இந்தச் சிறு வித்தியாசங்களை வைத்து ஒரு தொகுதிக் கலங்கள் ஷெல்லுக்கும் முற்றிலும் வேறு தொகுதி வெடிக்கும் எழும்பும். கலங்களில் மிகச் சில மட்டும் எழும்புவதால் இரண்டு தொகுதிகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுவது குறைவு.

மடிப்பில் எழும்பவேண்டாதவையும் சேர்ந்து எழும்பினால் தொகுதிகள் கலந்துவிடும். மடிப்பிலிருந்து செய்தி போய்ச்சேரும் அடுத்த பகுதியின் சுபாவம் வேறு. அதற்குக் கால்வாசித் துப்புக் கிடைத்தால் போதும், மிச்சத்தைத் தானே நிரப்பி முழு நினைவையும் இழுத்து வந்துவிடும். பாடலின் முதல் அடி கேட்டால் முழுப்பாட்டும் வருவது இதனால்தான். அந்த அம்மாவுக்குப் பதினொரு மணி வெடியோடு, இறுதிப்போரில் ஷெல் விழுந்த மாத்தளனின் மணலும் பங்கரும் சேர்ந்து வருவதும் இதனால்தான். பதகளிப்பு உள்ளவர்களிடம் ஆபத்தில்லாத ஆனால் சற்று ஒத்த ஒன்றுக்கும் பயம் பரவிவிடுகிறது என்பது ஆய்வுகூடங்களில் திரும்பத்திரும்பக் காணப்பட்ட விடயம்.

2011 இல் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் எலிகளின் மரபணுவை மாற்றி, புதிய கலங்கள் இறக்காமல் கூடுதலாகத் தங்கும்படி செய்தார்கள். அந்த எலிகள் ஒத்த இரண்டு கூடுகளை, ஒன்றில் மெல்லிய மின்னதிர்ச்சி கிடைக்கும், மற்றதில் கிடைக்காது, மற்ற எலிகளைவிட நன்றாகப் பிரித்தறிந்தன. பிரித்தறிதல் கூடியது, ஆனால் சாதாரண நாளில் அவற்றின் பதகளிப்பு குறையவில்லை. நெருக்கீட்டு ஓமோனை நீண்டநாள் கொடுத்த எலிகளில்தான் கூடுதல் புதுக்கலங்கள் பதகளிப்பைக் குறைத்தன என்று 2015 இல் அதே அணி காட்டியது. அமைதியான நாளில் தெரியாத உதவி, அடி விழுந்த காலத்தில் தெரிகிறது.

மணியை நிறுத்தும் வேலை

ஆபத்து என்று மூளை முடிவெடுத்ததும் பரிவகக்கீழ் கபச்சுரப்பிக்குச் சொல்கிறது, கபச்சுரப்பி சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனல் சுரப்பிக்குச் சொல்கிறது, அங்கிருந்து கோட்டிசோல் என்ற நெருக்கீட்டு ஓமோன் இரத்தத்தில் கலக்கிறது. மழைக்காலத்தில் இரணைமடுவின் வான்கதவைத் திறப்பதுபோல இது தேவையான வேலை. வெள்ளம் வடிந்தபின் கதவை மூட ஆள் வேண்டும். ஹிப்போகாம்பஸில் கோட்டிசோலை உணரும் ஏற்பிகள் நிறைய உண்டு. 'வந்தது போதும், மூடு' என்று பரிவகக்கீழுக்குத் திருப்பிச் சொல்பவற்றில் அதுவும் ஒன்று.

2011 இல் அமெரிக்காவில் நடந்த எலி ஆய்வொன்று இதை நேரே பார்த்தது. புதிய கலங்கள் பிறப்பதை நிறுத்திய எலிகளை அசையவிடாமல் கொஞ்ச நேரம் அடைத்து வைத்தார்கள். நெருக்கீட்டு ஓமோன் எல்லா எலிகளிலும் ஏறியது. விட்டபின் மற்ற எலிகளில் அது இறங்கியது. புதிய கலங்கள் இல்லாதவற்றில் இறங்க அதிக நேரம் எடுத்தது. திடுக்கிடுவதில் பெரிய வித்தியாசமில்லை, ஓய்வதில்தான் வித்தியாசம். பதினொரு மணிக்குத் திடுக்கிடுவது இயல்பு. நான்கு மணிக்கும் நெஞ்சு ஓயாமலிருப்பதே நோய்.

2018 இல் வந்த இன்னோர் ஆய்வு உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டியது. ஹிப்போகாம்பஸின் ஒரு முனை இடம், வழி பற்றிய வேலையில் கூடுதலாக ஈடுபடுகிறது. மற்ற முனை, மனிதரில் முன்பக்கம் இருப்பது, பதகளிப்போடு நெருக்கமானது. அந்த முனையில் புதிய கலங்கள், நெருக்கீட்டில் துள்ளும் சில மூத்த கலங்களை அடக்கி வைக்கின்றன. பெரிய எலியிடம் நாள்தோறும் அடிவாங்க விடப்பட்ட எலிகளில், புதிய கலங்கள் கூடியவை தாக்குப்பிடித்தன. புதிய கலங்களை முடக்கியவை சீக்கிரம் ஒடுங்கின. புதியவை கத்துவதற்காகப் பிறக்கவில்லை, மூத்தவற்றின் வாயை அடைக்கவும் பிறந்திருக்கின்றன.

வட்டம் கெடுவதும் இங்கேதான். நீண்டநாள் கோட்டிசோல் உயர்ந்திருந்தால் புதிய கலங்கள் பிறப்பது குறைகிறது என்று 1990களிலிருந்தே விலங்குகளில் காட்டியிருக்கிறார்கள். பிறப்புக் குறைந்தால் கதவு மூடுவது தாமதம். தாமதித்தால் கோட்டிசோல் இன்னும் கூடும்.

மனிதரில் உண்மையில் பிறக்கின்றனவா?

இந்தக் கேள்விக்கு அறுபது வருடச் சண்டை இருக்கிறது. 1965 இல் ஜோசப் அல்ற்மன், இந்தியாவில் பிறந்த கோபால் தாஸ் இருவரும் வளர்ந்த எலியின் மூளையில் புதிய கலங்களைக் கண்டதாக எழுதினார்கள். நெடுங்காலம் பெரிதாக ஒருவரும் காதுகொடுக்கவில்லை. 1998 இல் சுவீடன், அமெரிக்க அணியினர், புற்றுநோய்க் கலங்கள் பிரிவதை அறியச் சாயம் ஏற்றப்பட்டிருந்த ஐந்து நோயாளிகளின் மூளையை அவர்கள் இறந்தபின் பார்த்தபோது ஹிப்போகாம்பஸிலும் அந்தச் சாயம் இருந்தது.

2013 இல் சுவீடனில் ஜோனஸ் ஃபிரிசெனின் அணி செய்த கணக்கு இன்னும் விசித்திரம். 1950களிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெளியில் வெடித்த அணுகுண்டுகளால் வளிமண்டலத்தில் காபன்-14 எகிறியது. 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாக இறங்கியது. அந்தக் காபன் பயிரில் ஏறி, சோற்றில் ஏறி, நம் உடம்பில் புதிதாகப் பிறக்கும் கலத்தின் டிஎன்ஏயில் ஏறுகிறது. ஆகவே கலத்தின் காபன்-14 அளவு அதன் பிறந்த ஆண்டைச் சொல்லிவிடும். மனிதனை மிரட்டச் செய்த குண்டே கலத்துக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்தது. அந்தக் கணக்குப்படி ஒரு பக்க ஹிப்போகாம்பஸில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 700 புதிய நரம்புக்கலங்கள். மூளை முழுவதிலும் சுமார் 8,600 கோடி நரம்புக்கலங்கள் இருக்கின்றன. 700 என்பது குளத்தில் ஒரு கை நீர். ஆனால் அது விழும் இடம் வாசல்.

2018 மார்ச்சில் கலிபோர்ணிய அணியொன்று, 13 வயதுக்கு மேல் தாங்கள் ஒன்றையும் காணவில்லை என்று எழுதியது. அடுத்த மாதமே கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலிருந்து, 79 வயதுவரை கண்டோம் என்று இன்னொரு கட்டுரை. இழுபறிக்கு முக்கிய காரணம் தொழில்நுட்பம். இளங்கலத்தை அடையாளம் காட்டும் புரதம் இறந்தபின் சீக்கிரம் அழியும். மூளையைத் திரவத்தில் எவ்வளவு நேரம் ஊறப்போட்டார்கள் என்பதைப் பொறுத்தும் மறையும். 2019 இல் ஸ்பெயின் அணி ஊறப்போடும் நேரத்தைக் கட்டுப்படுத்திப் பார்த்தபோது தொண்ணூறுக்கு நெருங்கிய வயதிலும் இளங்கலங்கள் தெரிந்தன. அல்சைமர் நோயில் அவை குறைந்திருந்தன. 2025 இல் ஃபிரிசென் அணி பெரியவர்களின் மூளையில் பிரிந்துகொண்டிருக்கும் தாய்க்கலங்களையே காட்டியது. ஆளுக்கு ஆள் அளவு வெகுவாக வேறுபட்டது. எங்கள் கணிப்பில் 'பிறக்கின்றன' என்ற பக்கம் இப்போது கனமாக இருக்கிறது. பதகளிப்புள்ள உயிரோடிருக்கும் ஒருவரின் மூளையில் அவற்றை எண்ண இன்றும் வழியில்லை. உங்கள் மூளைக்கலத்தை ஸ்கானில் எண்ணிச் சொல்கிறோம் என்று யாராவது காசு கேட்டால் திரும்பி நடந்துவிடுங்கள்.

குளிசை ஏன் மெதுவாக வேலை செய்கிறது

எலியின் பதகளிப்பை அளக்க ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு நாள் முழுவதும் பட்டினி போட்ட எலியை, வெளிச்சமான பெரிய பெட்டியின் மூலையில் விடுவார்கள். நடுவில் ஒரு தீன் துண்டு. பசி நடுவுக்கு இழுக்கும், வெட்டவெளி பயமுறுத்தும். எத்தனை விநாடியில் முதல் கடி என்று கணக்கெடுப்பார்கள். 2003 இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ரெனே ஹென் அணி, ஃபுளுவொக்செட்டின் மருந்தை நான்கு கிழமை கொடுத்த எலிகள் முந்திப்போய்க் கடித்ததைக் கண்டது. ஹிப்போகாம்பஸுக்கு மட்டும் எக்ஸ் கதிர் பாய்ச்சிப் புதுக்கலப் பிறப்பை நிறுத்திய எலிகளில் அதே மருந்து பலிக்கவில்லை. புதிய கலங்கள் முதிர எடுக்கும் நான்கு கிழமையும் மருந்து பலிக்க எடுக்கும் நான்கு கிழமையும் ஒன்றாக வந்ததால் அந்த ஆய்வு உலகம் முழுவதும் பேசப்பட்டது.

அளவுக்கு மிஞ்சியும் பேசப்பட்டது. கதிர் பட்ட எலி மருந்தில்லாதபோது கூடுதலாகப் பயப்படவில்லை. வேறு இன எலிகளில் புதிய கலங்கள் இல்லாமலே மருந்து வேலை செய்தது. குரங்கினத்தில் கலம் முதிர மாதங்கள் தேவைப்படுவதால் மனிதரில் நான்கு கிழமைக் கணக்கும் அப்படியே பொருந்தாது. இந்த மருந்து பிடிக்கும் பல வழிகளில் புதிய கலம் ஒன்று, அவ்வளவுதான் இன்று சொல்லக்கூடியது.

இருந்தாலும் நோயாளிக்கு முக்கியமான உண்மை ஒன்று மாறவில்லை: செர்ட்ரலின், ஃபுளுவொக்செட்டின் போன்ற குளிசைகள் உள்ளே மெதுவான மாற்றங்களை உண்டாக்கியே வேலை செய்கின்றன. நடப்பு இப்படி இருக்கும். முதல் ஒன்று இரண்டு கிழமை வயிற்றுக் குமட்டல், தலையிடி, நித்திரைக் குழப்பம். சிலருக்குப் படபடப்பு முன்னையதிலும் கூடும். வைத்தியர் சிறிய அளவில் தொடங்குவது அதற்காகவே. இரண்டு முதல் நான்கு கிழமையில் கொஞ்சம் இலேசாகும். முழுப் பலன் தெரிய ஆறு, எட்டுக் கிழமை ஆகலாம். பிழை நடப்பது பத்தாம் நாளில். 'இது எனக்கு ஒத்துவரவில்லை' என்று பலர் நிறுத்துவது அப்போதுதான்: பக்கவிளைவு முழுதாக வந்துவிட்டது, பலன் இன்னும் வரவில்லை. மற்றப் பிழை மூன்றாம் மாதத்தில், சுகம் வந்துவிட்டதென்று ஒரேயடியாக விடுவது. தலைசுற்றும், உடம்பில் கரண்ட் அடித்ததுபோல இருக்கும். அதை நோய் திரும்பியதென்று நினைப்பார்கள். குணம் தெரிந்தபின்னும் குறைந்தது ஆறு மாதம் போடவேண்டியிருக்கும். நிறுத்தும்போது வைத்தியர் சொல்லும்படி படிப்படியாகக் குறைக்கவேண்டும். தற்கொலை எண்ணம் வந்தால், விசேடமாக இளம் வயதினருக்கு மருந்து தொடங்கிய நாட்களில் வந்தால், அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கக்கூடாது.

டயஸிபாம் வகைக் குளிசை வேறு கதை. அரை மணி நேரத்தில் அமைதி தரும், ஒன்றையும் வளர்க்காது. சில கிழமைக்கு மேல் நாளாந்தம் போட்டால் உடம்பு அதற்கு அடிமைப்படும். பக்கத்து வீட்டுக்காரரின் துண்டுக்கு வாங்கிய 'நித்திரைக் குளிசை' பெரும்பாலும் இதுதான்.

நடை, கூட்டு, நித்திரை

எலிக்கூட்டில் ஓடும் சக்கரம் வைத்தால் புதிய கலங்கள் கூடும் என்பது 1999 முதல் உறுதியான முடிவு. மனிதரில் நேரடியாக எண்ண முடியாததால் ஹிப்போகாம்பஸின் பருமனைத்தான் பார்த்தார்கள். 2011 இல் வெளியான ஆய்வில் 55 முதல் 80 வயதுவரையான 120 பேர். ஒரு பகுதியினர் கிழமைக்கு மூன்று நாள் நடந்தார்கள். முதல் கிழமை 10 நிமிடம், பிறகு கிழமைக்கு 5 நிமிடம் கூட்டி, ஏழாம் கிழமையில் 40 நிமிடம். அதன்பின் வருடம் முடியும்வரை அதே அளவு. ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் பெருத்தது, முக்கியமாக முன்பகுதியில். உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 1.4 சதவீதம் சுருங்கியது. பெருத்தது புதுக்கலத்தாலா, இரத்தக்குழாய் கூடியதாலா, கிளைகள் நீண்டதாலா என்று அந்தப் படம் சொல்லாது. நடையின் அளவும் ஒழுங்கும் மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளத் தக்கவை.

வேகம் எவ்வளவு என்றால், கதைக்க முடியவேண்டும், பாட முடியக்கூடாது. 'நாள் முழுக்க வயலில் நிக்கிறன், இதுக்கு மேல நடையோ' என்று கேட்பது நியாயம். மூச்சு ஏறும் வேலையென்றால் அதுவும் கணக்கில் சேரும். குனிந்து களை பிடுங்குவது முதுகைத்தான் நோகவைக்கும், மூச்சை ஏற்றாது. குளக்கட்டு நடைக்கு நல்ல இடம், மட்டமும் நிழலும் உண்டு. காட்டோரக் கிராமமென்றால் விடியற்காலை 5 மணி நடை வேண்டாம், யானை கட்டைக் கடக்கும் நேரம் அது; ஆறு மணி கழிந்து வெளிச்சம் வந்தபின் போங்கள்.

தனியே போகவேண்டாம் என்பதற்கு யானையைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. 2006 இல் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில், தனியே அடைக்கப்பட்டு ஓடிய எலிகளுக்குப் புதுக்கலப் பலன் கிடைக்கத் தாமதமானது. கூட்டமாக வாழ்ந்து ஓடியவற்றுக்குச் சீக்கிரம் கிடைத்தது. தனிமையில் நெருக்கீட்டு ஓமோன் கூடி, ஓட்டத்தின் பலனைத் தின்றுவிட்டது. மாதர் சங்கத்தில் நான்கு பேர் சேர்ந்து நடந்தால் போதும்.

இரவு கசிப்போ சாராயமோ எடுத்துவிட்டு நித்திரை வருகிறதென்பவர்களுக்கு: மது குறைப்பது புதிய கலங்களைத்தான், விலங்குகளில் இது தெளிவு. வெறி இறங்கும் இரண்டு, மூன்று மணிக்கு நெஞ்சுப் படபடப்போடு விழிப்பதும் அதன் வேலை. பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு தேத்தண்ணியை விடுவது சின்ன மாற்றம், நித்திரையில் பெரிய வித்தியாசம் காட்டும். வல்லாரைச் சம்பல் நல்ல சாப்பாடு. மூளைக்கலம் வளர்க்கும் வல்லாரைக் குளிசை என்று விற்பதை வாங்க மினக்கெடவேண்டாம்.

மூச்சுப் பயிற்சி கலம் வளர்க்காது, அந்த நேரத்து மணியைக் குறைக்கும். நாலு எண்ணும்வரை மூக்கால் உள்ளே, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே, ஐந்து நிமிடம். பெரிய மூச்சாக வேகமாக இழுப்பதுதான் எல்லோரும் விடும் பிழை. அப்படி இழுத்தால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து விரல் விறைக்கும், தலை சுற்றும், பயம் இரட்டிப்பாகும். சின்ன மூச்சு, நீண்ட வெளிமூச்சு.

பிரித்தறியப் பழகுதல்

தபால்காரரைப் பழக்கவும் முடியும். உளவளத்துணையில் 'அன்று, இன்று' என்று செய்யும் பயிற்சி இதற்கே. பகலில், அமைதியான நேரத்தில், ஒரு கொப்பியில் இரண்டு பத்தி போடுங்கள். அன்றைய சத்தத்தில் என்ன இருந்தது, இன்றைய வெடியில் என்ன இருக்கிறது. ஒற்றுமையை எழுதி முடித்துவிட்டு வித்தியாசத்தைத் தேடுங்கள்: திசை, எண்ணிக்கை, முன்னும் பின்னும் கேட்பது, பக்கத்தில் யார், காலடியில் சீமெந்தா மணலா. குறைந்தது ஐந்து வித்தியாசம். இரவில் வெடி கேட்டதும் கண்ணைத் திறந்து அவற்றில் மூன்றை வாய்விட்டுச் சொல்லவேண்டும். வெடி போடும் வீட்டாரிடம் 'இன்றைக்குப் போடுவோம்' என்று பின்னேரமே சொல்லிவிடச் சொன்னால் பாதி வேலை குறையும்.

இது பலிக்காமல் போவது பெரும்பாலும் இரண்டு வழியில். பகலில் பழகாமல் திடுக்கிட்ட நேரத்தில் முதன்முறையாகச் செய்ய முயல்வது ஒன்று; அந்த நேரத்தில் மூளை எழுத்துக் கூட்டாது. மற்றது, வெடி கேட்காத உறவினர் வீட்டில் போய்ப் படுப்பது. அங்கே நித்திரை வரும், பிரித்தறிய மட்டும் ஒருநாளும் பழகாது. பழைய காட்சி கண்முன் ஓடி, இருக்குமிடமே மறந்துபோகிறவர்கள் இதைத் தனியே செய்யக்கூடாது. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் கேட்டு, பயிற்சி பெற்றவரோடு செய்யவேண்டும். போக்குவரத்துக்கு வழியில்லையென்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926 உண்டு. முதல் முறை போகும்போது தைரொயிட்டுக்கும் இரத்தச்சோகைக்கும் இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். இரண்டும் அச்சாகப் பதகளிப்பைப்போலவே நெஞ்சை அடிக்கவைக்கும்.

முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பது? திடுக்கிடாமல் இருந்தேனா என்று பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். எலிகள் காட்டியது ஓயும் நேரத்தை. கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் வெடி கேட்ட நேரத்தையும் நித்திரைக்குப் போன நேரத்தையும் மட்டும் எழுதி வாருங்கள். முதல் கிழமை 11.20, 4.00. நான்காம் கிழமை 11.10, 1.30. எட்டாம் கிழமை 11.40, 12.15. அந்தப் பக்கத்தை வைத்தியரிடம் திறந்து காட்டுங்கள்.